அப்பாவைப் பற்றி நீ சொல்லப்போகும் சாட்சி

சேசு மரி சூசை துணை

காக்ஸ் டவுன், பெங்களூரு
அக்டோபர் 22, புதன்கிழமை

அன்பு மகள் டீனாவுக்கு உன் அம்மா பிரிஜெட் எழுதிக்கொள்வது. நான் இங்கே உடம்பளவில் நன்றாக இருக்கிறேன், மழைக்கு முட்டி வலி மட்டும் கொஞ்சம் அதிகம். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, யாருக்கும் பயப்படாமல் இருக்கிறாயா என்று கேட்டுத்தான் தொடங்குகிறேன், கடைசியாகக் கேட்டதற்குப் பதில் எனக்கே தெரியும். மேலே சேசு மரி சூசை போட்டிருக்கிறேன். போடும்போது கை ஒரு நிமிடம் நின்றது, மாதா பேரைப் பார்த்ததும் படிக்காமலே மடித்து வைத்துவிடுவாயோ என்று. அப்புறம் என் மேலேயே கோபம் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் உன் அப்பாவுக்கு எழுதிய முதல் கடிதத்திலிருந்து இப்படிப் போட்டுத்தான் எழுதுகிறேன், நீ படிக்கப் போன லீட்ஸில் யாரோ நாலு பேர் முகம் சுளிப்பார்கள் என்று இந்த வயதில் மாற்றிக்கொள்ள முடியாது.

போன் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று கேட்பாய். உன் போனில் நான் பேசுவதை உன்னோடு தங்கியிருக்கும் உங்கள் சபைத் தமிழ்ப் பெண் ஆஷ்லி கேட்கிறாள், நான் அனுப்புவதை அவள் படிக்கிறாள், சில நேரம் பதிலையும் அவளே போடுகிறாள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் என் மகள் எழுதுவது எது, எழுதாதது எது என்று எனக்குத் தெரியாதா. நீ எழுதினால் சாப்ட்டியாம்மா, மாத்திர போட்டியாம்மா என்று இரண்டு வார்த்தை, அதோடு முடிந்தது. போன வாரம் வந்ததில் அன்புள்ள தாயாரே, உங்கள் ஆத்துமாவுக்காகப் பாரத்தோடு ஜெபிக்கிறேன் என்று இருந்தது. முன்பின் தெரியாத ஒருத்தி உன் சுடிதாரைப் போட்டுக்கொண்டு நம் வாசலில் வந்து நின்ற மாதிரி இருந்தது எனக்கு. சீ என்று போனைக் கட்டிலில் போட்டேன். அன்றைக்கு முடிவு செய்தேன், இனி உன்னிடம் சொல்ல வேண்டியதை என் கையால் எழுதி உன் கையில்தான் சேர்க்க வேண்டும் என்று. எதிர்வீட்டு எல்லம்மா மகள் வீணாவை அவள் ஒயிட்ஃபீல்ட் ஆபீசில் ஆறு மாதத்துக்கு மான்செஸ்டர் அனுப்புகிறார்கள், சனிக்கிழமை கிளம்புகிறாள். அங்கிருந்து உன் ஊருக்கு ஒரு மணி நேர ரயில்தானாம். கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பாயா கண்ணு என்று கேட்டேன், பேஜார் பண்ணிக்காதீங்க ஆண்ட்டி, நானே அவ டிபார்ட்மெண்ட் வாசல்ல போயி நின்னு கொடுக்கறேன் என்றாள். மூன்று நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக எழுதுகிறேன், தீபாவளி முடிந்தும் தெருப் பிள்ளைகள் வெடியை நிறுத்தவில்லை, ஒவ்வொரு வெடிக்கும் பேனா ஒரு பக்கம் இழுத்துக்கொள்கிறது, எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம், அழுது எழுதினாள் என்று நினைக்காதே. அழுகை தீர்ந்துவிட்டது, இப்போது இருப்பது அருவருப்பு மட்டும்தான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் நீ பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு யாரோ கூடப் படிக்கிற பெண்ணின் போனிலிருந்து பேசினாயே, அதைத்தான் நான் உன் பேச்சாக எடுத்துக்கொள்கிறேன், மற்றதையெல்லாம் எடுத்துக்கொள்ளவில்லை. நவம்பர் ரெண்டாந்தேதி ஞாயித்துக்கெழம முழுக்கு ஞானஸ்நானம்னு தேதி வெச்சிட்டாங்கம்மா, எனக்குச் சரியாப் படல, வேணாம்னு சொல்லவும் தைரியம் வரல என்றாய். தள்ளிப் போடட்டுமா என்று கேட்டதற்கு அது சாத்தான் கொடுக்கும் சந்தேகம் என்று சொன்னார்களாம். முழுகும் முன்னால் எல்லார் நடுவிலும் நின்று சாட்சி சொல்ல வேண்டுமாம், அந்தச் சாட்சியில் என் அப்பா இருட்டிலேயே வாழ்ந்து கடைசியில் ஆண்டவருக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு செத்தார், அவர் போன இடத்துக்கு நான் போகமாட்டேன் என்று உன் வாயால் சொல்ல வேண்டுமாம். எழுதியே கொடுத்துவிட்டார்களாம். அதைச் சொல்லிவிட்டு நீ கேட்டாய், அப்பா, ஆஸ்பத்திரிக்குச் சாமியார் வந்தப்ப முகத்தத் திருப்பிக்கிட்டாராமே, ஏம்மா எங்கிட்ட மறைச்ச என்று. அதற்குள் யாரோ கதவைத் தட்டினார்கள், நீ வைத்துவிட்டாய். கல்லறைத் திருநாளன்று, இங்கே நான் உன் அப்பா கல்லறைக்கு முதல் முதலாக மெழுகுவர்த்தி கொளுத்தும் அதே நாளில், நீ அங்கே தண்ணீரில் நின்று அவரை நரகத்துக்கு அனுப்புவாயாம். யாருடைய மூளையில் இப்படி ஒரு தேதி உதித்ததோ.

அப்பா முகத்தைத் திருப்பியது உனக்கு எப்படித் தெரிந்தது என்பதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் தப்பு என்னுடையது. செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை இரண்டு பெண்கள் வந்தார்கள், ஜூலியா என்று ஒருத்தி, லாவண்யா என்று ஒருத்தி, இரண்டு பேரும் ஒயிட்ஃபீல்டில் பெரிய அபார்ட்மெண்டில் இருப்பவர்கள், ஐடி வேலை. காதில் கழுத்தில் ஒன்றும் இல்லை, முடியை இழுத்துப் பின்னியிருந்தார்கள், கையில் பைபிள். டீனா அனுப்பினா ஆண்ட்டி, உங்களப் பாத்து ஆறுதல் சொல்லிட்டு வரச் சொன்னா என்றார்கள். நீ அனுப்பினாய் என்றதும் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை, நம் கோயில் ஜெபக்குழுப் பெண்கள் மாதிரிதான் என்று நினைத்துவிட்டேன். டிராஃபிக்கில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து வந்திருக்கிறார்களே என்று ஓடிப்போய்க் காபி போட்டேன். காபியைத் தொடவில்லை. திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே அப்பா போட்டோவை வைத்துச் சின்னச் சிவப்பு பல்பு போட்டிருக்கிறேனே, அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அந்த ஜூலியா சொன்னாள், ஆண்ட்டி அந்த லைட்ட மட்டும் அணைச்சிட்டா நாங்க நிம்மதியா ஜெபிப்போம், செத்தவங்களுக்கு வெளக்கு வெக்கறத ஆண்டவர் வெறுக்கறாரு என்று. இனிமையாகத்தான் சொன்னாள். என் கையால்தான் அணைத்தேன் டீனா. உன் சிநேகிதிகள் மனசு நோகக் கூடாது என்று என் வீட்டில் என் புருஷன் முன்னால் இருந்த விளக்கை நானே அணைத்தேன். இன்றைக்கும் அந்த சுவிட்சைத் தொட்டால் விரல் கூசுகிறது.

அப்புறம் இரண்டு பக்கமும் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். அப்பா போன நாளிலிருந்து என் கையை அப்படி யாரும் பிடிக்கவில்லை. அந்த லாவண்யா கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்தது, சின்னப் பெண், அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, அவளும் எந்த வீட்டில் எந்த அம்மாவை விட்டுவிட்டு வந்தவளோ. கடைசி நேரத்துல அங்கிள் எப்படி இருந்தாரு, சொல்லுங்க ஆண்ட்டி, மனசுல வெச்சிக்காதீங்க என்றாள் ஜூலியா. நான் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரிக்கு நம் கோயில் சாமியார் நற்கருணை கொண்டு வந்தபோது அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார், வாங்காமலேயே போய்விட்டார், அதுதான் என்னை அரிக்கிறது என்று சொல்லி அழுதேன். சொன்னது அவ்வளவுதான். ஏன் திருப்பிக்கொண்டார் என்று சொல்லவில்லை, அந்நிய மனுஷரிடம் சொல்லக்கூடியதா அது. ஜூலியா என் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இன்னொரு கையால் போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். ஆபீஸ் வேலை போலிருக்கிறது, பாவம், சனிக்கிழமையும் விடமாட்டேன் என்கிறார்களே என்று நினைத்தேன். இப்போது புரிகிறது அவள் என்ன எழுதினாள் என்று. என் வயிற்றெரிச்சல் அன்றைக்கு மத்தியானமே விமானம் ஏறாமல் லீட்ஸ் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே ஆஷ்லி கைக்குப் போய், உங்கள் சபையை நடத்தும் மூப்பர் கைக்குப் போய், சுத்தம் பண்ணி, வசனம் சேர்த்து, சாட்சி என்று எழுதி உன் கையில் கொடுத்திருக்கிறார்கள். தெருக் குழாயடியில் புறம் பேசுபவள்கூடத் தான் பேசுவது புறம் என்று தெரிந்துதான் பேசுவாள். இவர்கள் அதையே ஆண்டவர் பேரில் செய்கிறார்கள். கூட்டத்தின் பேரை எழுதக்கூட என் கை கூசுகிறது, எழுத மாட்டேன்.

நீ நினைக்கலாம், அம்மா பூசைக்குப் போகிறவள், சபை மாறினால் பொறுக்காது, அதனால் இப்படிப் பேசுகிறாள் என்று. அப்படி இல்லை. பின்தெரு ரத்தினம்மாள் இருபது வருசமாகப் பெந்தகோஸ்தே சபைக்குத்தான் போகிறாள், உனக்குத் தெரியும். அப்பாவை வீட்டில் வைத்திருந்தபோது நாங்கள் ஜெபமாலை சொன்ன நேரமெல்லாம் வாசலுக்கு வெளியே போய் நின்றுகொண்டாள், அது அவளுடைய கொள்கை, முடிந்ததும் உள்ளே வந்து அத்தனை பாத்திரத்தையும் அவள்தான் தேய்த்தாள், மூன்று நாள் என் தலையில் அவள்தான் தண்ணீர் ஊற்றினாள், உங்க வீட்டுக்காரரு செத்து எங்க போயிருப்பாருன்னு ஒரு வார்த்தை அவள் வாயில் வரவில்லை. அவளை நான் மதிக்கிறேன். நம் கோயிலையும் நான் தூக்கிப் பிடிக்க வரவில்லை. உன் விஷயத்தைச் சொல்லலாம் என்று ஃபாதரிடம் போனேன், சின்ன வயசு, வேகம் இருக்கும், ஜெபிப்போம் அம்மா என்று சொல்லி ஒரு நவநாள் ஜெபப் புத்தகத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார், என் முகத்தைக்கூட முழுசாகப் பார்க்கவில்லை. தெருக் கத்தோலிக்கர் கூடும் அன்பியக் கூட்டத்தில் இரண்டு பேர் கேக்கை வாயில் வைத்துக்கொண்டே உங்க டீனா அல்லேலூயாக் கோஷ்டியில சேந்துட்டாளாமே என்று கேட்டார்கள், எனக்கு அவர்கள் மேலும் அருவருப்புதான். அதனால் நீ எந்த வாசலுக்குப் போகிறாய் என்பது இப்போது என் கவலை இல்லை. நம் கோயிலுக்கு வராவிட்டால் போ. செத்த மனுஷனை இழுத்து வைத்து, பெற்ற பிள்ளை வாயால் அவனைக் கேவலப்படுத்த வைக்கிறார்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன், ஒரு நாள் உன் மேலும் அருவருப்பு வந்தது. செப்டம்பர் கடைசியில் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாய், ஆஷ்லி பக்கத்தில் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. அம்மா நீயும் மனந்திரும்பலேன்னா அப்பா இருக்கற எடத்துக்குத்தான் நீயும் போவ என்றாய். நான் என்ன சொன்னேன் என்று ஞாபகம் இருக்கிறதா, அவரு இருக்கற எடம் எனக்குப் போதும் என்று சொல்லி வைத்துவிட்டேன். அன்றைக்கு முழுக்க நர்சரியில் ஒரு பிள்ளையிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஊட்டி விட்டபோது, உன்னையும் இப்படித்தானே ஊட்டினேன், அந்த வாயா இது என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. பாத்ரூமிலிருந்து நீ பேசிய பிறகுதான் அது உன் வார்த்தை இல்லை என்று எனக்கு மனசு ஆறியது.

இப்போது எழுதப்போவது அப்பா உன்னிடம் சொல்லவேண்டாம் என்று சொன்னது. அவர் பேச்சை மீறுகிறேன், அவர் என்னை மன்னிப்பார். ஜூலை இருபத்தொன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை. பக்கவாதம் வந்து ஆறாம் நாள், வலது பக்கம் முழுசாகப் போய்விட்டது, வாய் கோணியிருந்தது, மெதுவாகப் பேசுவார், பேசினால் புரியும். அன்றைக்குக் காலையிலிருந்து அவருக்கு வயிறு போய்க்கொண்டே இருந்தது, மருந்து ஒத்துக்கொள்ளவில்லையாம். விரிப்பு, சட்டை, இடுப்புக்குக் கீழே எல்லாம் நனைந்து, நாற்றம் வார்டு முழுக்க. சுத்தம் செய்கிற அம்மா வரவே இல்லை, வேறு விரிப்பு கேட்டு நான் நாலு தடவை நர்ஸிடம் ஓடினேன், லாண்டரியிலிருந்து வரலம்மா, கொஞ்சம் இருங்க என்கிறார்கள். சரியாக அந்த நேரத்தில், பதினோரு மணி இருக்கும், சாமியார் நற்கருணையோடு, அப்ப வடிவில் இருக்கும் ஆண்டவரோடு, வந்து நின்றார். பக்கத்துக் கட்டில்காரர் மூக்கில் துண்டை வைத்திருக்கிறார். உன் அப்பா எப்படிப்பட்ட மனுஷன் என்று உனக்குத் தெரியும். முதல் பஸ் எடுக்கிற நாளிலும் காலை மூன்றரைக்கு எழுந்து முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட காக்கி போட்டுக்கொண்டுதான் டிப்போவுக்குப் போவார். இருபத்தாறு வருசத்தில் ஒரு நாள் பொத்தான் இல்லாத சட்டையோடு ஸ்டியரிங் பிடித்ததில்லை. அவர் அந்தக் கோலத்தில் கிடக்கிறார், ஆண்டவர் கட்டில் பக்கத்தில் வந்துவிட்டார். சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். சாமியார் இரண்டு தடவை யூஜின், யூஜின் என்றார். கண்ணை மூடிக்கொண்டார். சரிம்மா, அவருக்கு மனசு வரும்போது சொல்லுங்க என்று சொல்லிவிட்டுச் சாமியார் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார், அவருக்கு இன்னும் எத்தனை பேரோ.

அவர் வெளியே போனதும் உன் அப்பா என் முந்தானையைப் பிடித்து இழுத்தார், இடது கையால். என்ன சொன்னார் தெரியுமா. மொதல்ல என்னக் கழுவு பிரிஜெட், இந்த நாத்தத்தோடயா அவர வாங்கச் சொல்ற என்றார். அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த என் புடவையைக் கிழித்தேன், வெந்நீர் வாங்கிவந்து துடைத்தேன், புடவை பாதியைக் கீழே விரித்தேன், ஊரிலிருந்து என் தம்பி கொண்டுவந்த புது லுங்கியைக் கட்டினேன். பதினெட்டு வருசமாக நர்சரியில் ஆயா வேலை பார்க்கிறேன், எத்தனை பிள்ளைகளைக் கழுவியிருக்கிறேன், எனக்கு அது அசிங்கமாகவே படவில்லை, அவருக்குத்தான் பட்டது, கண்ணை மூடியே வைத்திருந்தார், கண்ணோரம் வழிந்துகொண்டே இருந்தது. சவரமும் செய்துவிட்டேன், கோணின பக்கம் மட்டும் சரியாக வரவில்லை. தலை சீவினேன். எல்லாம் முடிந்து பார்த்தால் மணி ஒன்றரை. டீனாகிட்ட இதெல்லாம் சொல்லாத, பாவம், பரீட்ச எழுதற புள்ள என்றார். அப்புறம் இடது கையை மட்டும் நெஞ்சில் வைத்துக்கொண்டு, இப்பக் கூப்பிடு என்றார். கூப்பிட்டேன். சாமியார் போனை எடுக்கவில்லை. கோயில் ஆபீசுக்குப் போட்டேன், ஒரு புது வீட்டை மந்திரிச்சு ஆசீர்வதிக்க வெளியே போயிருக்கார், சாயங்காலம் அனுப்புறோம் என்றார்கள். வந்துட்டாங்களா வந்துட்டாங்களா என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் மூச்சு நின்றது. குளித்துச் சவரம் செய்து, கோயிலுக்குப் புறப்பட்டு நிற்கிற மாதிரிதான் போனார் உன் அப்பா.

இதைத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்று அவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். என் புருஷன் மலத்தோடு கிடந்ததை இரண்டு பெண்களிடம் சொல்லக் கூச்சப்பட்டு நான் பாதியை முழுங்கினேன், மீதிப் பாதியை அவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பாதியை நீ தண்ணீரில் நின்று சொன்னால் கூட்டத்தில் கைதட்டுவார்கள், ஆமென் என்பார்கள், கட்டிப்பிடிப்பார்கள். இருக்கட்டும். நீ மட்டும் இனிமேல் தெரியாமல் சொன்னேன் என்று சொல்ல முடியாது.

அப்பா செத்தபோது விசாப் பேப்பர் ஆபீசில் மாட்டிக்கொண்டு நீ வர முடியவில்லை, போனிலேயே அடக்கத்தைப் பார்த்தாய். அந்த வாரம் அவர்கள்தான் உனக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்தார்கள், ராத்திரி கூடப் படுத்தார்கள், வாடகை ரூமைக் காலி செய்யச் சொல்லித் தங்கள் வீட்டிலேயே இடம் கொடுத்தார்கள். நான் அதை இல்லை என்று சொல்லவில்லை, அன்றைக்கு நானே போனில் ஆஷ்லிக்கு நன்றி சொன்னேன். ஆனால் பார், கஞ்சி கொடுத்த கையோடு போனை வாங்கிக்கொண்டார்கள், அப்புறம் தோட்டைக் கழற்றச் சொன்னார்கள், அப்புறம் கூடப் படிக்கிற பிள்ளைகளோடு பேசாதே என்றார்கள், கடைசியில் செய்த பாவத்தையெல்லாம் ஒன்று விடாமல் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு என்றார்கள். மூணு பக்கம் எழுதிக் கொடுத்துட்டேம்மா, இப்ப அது அவங்ககிட்ட இருக்கு, அதான் பயமா இருக்கு என்று பாத்ரூமில் நீ சொன்னபோது என் உடம்பெல்லாம் கம்பளிப்பூச்சி ஊர்ந்தது. நாமும் பாவசங்கீர்த்தனம் செய்கிறவர்கள்தான். சாமியாரிடம் காதோடு காதாகச் சொல்கிறோம், எழுந்து வந்தால் அங்கேயே முடிந்தது, யாரும் பேப்பரும் பேனாவும் வைத்துக்கொண்டு உட்காருவதில்லை. பாவத்தை எழுதி வாங்கிப் பெட்டியில் பூட்டி வைக்கிறவனுக்கு மன்னிக்கிற எண்ணம் எங்கே இருக்கிறது. நீ அந்த மூன்று பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் சரி, எந்தப் பையனோடு எங்கே போயிருந்தாலும் சரி, என்ன குடித்திருந்தாலும் சரி, என்னிடம் பொய் சொல்லியிருந்தாலும் சரி, அவர்கள் அதைச் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் மைக் வைத்துப் படிக்கட்டும். நான் போய் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்பேன், கேட்டுவிட்டு ஆமாம் இவள் என் மகள்தான் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வருவேன். அந்தக் காகிதத்துக்குப் பயந்து ஒரு நாள்கூட அங்கே இருக்காதே.

எனக்கு வேத புஸ்தகத்தில் அதிகாரம் வசனம் சொல்லத் தெரியாது, அவர்களோடு வாதாட முடியாது, நீயும் வாதாடாதே, பேசப் பேச அவர்கள்தான் ஜெயிப்பார்கள், அதற்கென்றே படித்தவர்கள். சரியாப் படல என்று உனக்கு வந்ததே, அதுவே போதும். பால் கெட்டுப்போனால் மூக்கு சொல்கிறது, ஏன் கெட்டது என்று விளக்கம் தெரிந்தால்தான் கொட்டவேண்டும் என்று இல்லை. உனக்கு நிஜமாகவே அந்த நம்பிக்கை வந்து, அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், யாரும் எழுதிக் கொடுக்காமல், இன்னொரு நாள் உன் மனசோடு போய் முழுகுகிறேன் என்றால் நான் தடுக்க மாட்டேன், வருத்தப்படுவேன், ஆனால் மகள் இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்த ரெண்டாந்தேதி ஞாயிற்றுக்கிழமை, இந்தச் சாட்சியோடு மட்டும் வேண்டாம்.

வீணா திங்கட்கிழமை மத்தியானம் உன் டிபார்ட்மெண்ட் வாசலுக்கு வருவாள். ஆஷ்லி உன்னைச் சாயங்காலம்தான் கூட்டிப்போக வருகிறாள் என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. இதை வீணா எதிரிலேயே உட்கார்ந்து படி. ஆபீசில் அவளுக்கு ஒரு வீடு கொடுத்திருக்கிறார்கள், இன்னொரு ஆளுக்கு இடம் இருக்கிறதாம், எல்லம்மாவிடமும் கேட்டுவிட்டேன், அவளும் பெண்ணை வைத்திருப்பவள், அழு அழு என்று அழுதாள், அவ எங்க வீணாக்கு அக்காதானே, எத்தன நாள் வேணா இருக்கட்டும் என்றாள். அங்கிருந்து காலேஜுக்கு ரயிலில் வந்து போகலாம், பனிக்காலம், கஷ்டம்தான், படிப்பு முடிய இன்னும் கொஞ்ச மாதம்தானே. ஒரே ஒரு விஷயம், உன் பாஸ்போர்ட் உன் கையில் இருக்கிறதா, அவர்கள் பெட்டியில் இருக்கிறதா. அவர்களிடம் இருந்தால் தனியாகப் போய்க் கேட்காதே, வீணாவையும் உன் காலேஜில் யாராவது ஒரு டீச்சரையும் கூட்டிக்கொண்டு போ. துணிமணி கிடந்தால் கிடக்கட்டும்.

வீணாவோடு போனால் அவள் போனிலிருந்து ஒரு மிஸ்டு கால் கொடு, போதும், நான் புரிந்துகொள்வேன். போக முடியாமல் அந்த வீட்டுக்கே திரும்பினாலும் எனக்குப் போன் செய், ஆஷ்லி கேட்டுக்கொண்டிருந்தாலும் செய், நான் எடுப்பேன், திட்ட மாட்டேன். பட்டினி கிடந்துவிட்டு உபவாசம் என்று சொல்லாதே, உனக்கு ரத்தம் குறைவு. காதில் குளிர் அடிக்காமல் துணி கட்டிக்கொள். வீணாவிடம் மிளகுப்பொடியும் இரண்டு பாட்டில் ஊறுகாயும் அனுப்பியிருக்கிறேன். ஆண்டவர் உன் காலுக்குத் தைரியம் கொடுக்கட்டும், மாதா உன் கூடவே நடக்கட்டும், அப்பா பார்த்துக்கொள்வார்.

ஒன்றை மறக்காதே. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் வீணா கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடு, பையில் வைத்து அந்த வீட்டுக்குள் மட்டும் கொண்டுபோகாதே. உன் அப்பாவை நான் கழுவினதை அவர்கள் படிக்கக் கூடாது.

இப்படிக்கு
உன் மேல் உயிரை வைத்திருக்கும் அம்மா
பிரிஜெட் யூஜின்